கல்லின் வயதும் குடியின் பெருமையும்

பழமை பேசுதல் தமிழ் மேடைகளின் மரபு. பணி நிமித்தம் வடபுலம் போந்து நாக்பூரில் குடியமர்ந்த நம்மிடையே அம்மரபு சற்று மிகுதியாகவே உண்டு. ஊரைப் பிரிந்து வாழ்வோர்க்கு வேரைப் பற்றிய நினைவு மிகுதல் இயல்பே. ஆண்டு விழா உரைகளில் புறப்பொருள் வெண்பாமாலையின் ஒரு வெண்பா பெரும்பாலும் தவறுவதில்லை. உலகில் பாறை மட்டும் இருந்து, மண் இன்னும் உண்டாகாத நாளிலேயே வாளேந்தி முன்வந்த குடி என்று ஐயனாரிதனார் ஒரு மறக்குடியைப் புகழும் வெண்பா அது. கரந்தைப் படலத்தில் குடிநிலை என்னும் துறைக்கு உரியதாக அமைந்தது.

புலவர் கூற்று உயர்வு நவிற்சி என்பதைக் கற்றோர் அறிவர். ஆயினும் நாளடைவில் அது அணியாக நில்லாது ஆண்டுக் கணக்காகவே மாறிவிட்டது. அதனோடு கடல்கொண்ட கண்டம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. அக்கண்டமே மாந்தன் பிறந்த தொட்டில் என்றும், அங்கே பேசப்பட்ட மொழி தமிழே என்றும் கூறுவோர் பலர். இவ்வாறு கூறும்போது நாம் ஒன்றை மறந்துவிடுகின்றோம். நம் காலடியில் உள்ள தீபகற்பத்துக்கு மெய்யான வரலாறு ஒன்று உண்டு. அது பாறைகளில் எழுதப்பட்டுள்ளது, கற்பனையினும் வியப்புமிக்கது. அவ்வரலாற்றையும், அதில் தமிழர்க்கு உள்ள உண்மையான உறவையும் இக்கட்டுரையில் காண முயல்வோம்.

மேட்டு நிலத்தின் அமைப்பு

இந்திய நாட்டை நிலவியலார் மூன்று பெரும் பகுதிகளாகப் பிரிப்பர். வடக்கே இமயமலை, இடையே கங்கை, சிந்து ஆறுகளின் வண்டல் சமவெளி, தெற்கே முக்கோண வடிவிலான தீபகற்பம். இம்மூன்றனுள் இமயம் உயரத்தால் மூத்தது போலத் தோன்றினும் வயதால் இளையது. சமவெளி அதனினும் இளையது. தீபகற்பமே மூத்தது.

மூத்ததாதலின் அதன் தோற்றமும் முதியோர் தோற்றமே. கூர்மையான சிகரங்கள் தேய்ந்து உருண்டிருக்கின்றன. பள்ளத்தாக்குகள் அகன்றும் ஆறுகளின் ஓட்டம் நிதானமாகவும் உள்ளன. மேற்கு விளிம்பில் மேற்குத் தொடர்ச்சி மலை மதில் போல உயர்ந்து நிற்க, நிலம் முழுதும் கிழக்கு நோக்கிச் சாய்ந்துள்ளது. அரபிக் கடலுக்கு 80 கிலோமீட்டர் தொலைவில் திரியம்பகத்தில் பிறக்கும் கோதாவரி, அண்மையிலுள்ள அக்கடலை நாடாது 1,465 கிலோமீட்டர் நடந்து வங்கக் கடலை அடைவது இச்சாய்வினாலேயே. கிருஷ்ணையும் காவிரியும் அவ்வாறே. நருமதையும் தபதியும் மட்டும் மேற்கே பாய்கின்றன. நிலம் பிளந்து தாழ்ந்த நெடும்பள்ளங்கள் அவற்றுக்கு வழியாக வாய்த்தன.

இந்நிலத்தின் அடித்தளம் நைஸ் எனப்படும் வரிப்பாறையாலும் கிரானைட்டாலும் ஆனது. கர்நாடகத்தின் ஹாசன் பகுதியில் 330 கோடி ஆண்டுப் பழமையுடைய நைஸ் பாறைகள் கிடைக்கின்றன. பூமியின் வயதே ஏறத்தாழ 454 கோடி ஆண்டு என்பதை எண்ணின் இதன் முதுமை விளங்கும்.

தமிழகத்தின் பங்கு இதில் சிறிதன்று. கல்கத்தாவில் ஆங்கிலக் குடியிருப்பை நிறுவிய ஜாப் சார்னாக்கின் கல்லறை அந்நகரின் புனித ஜான் கோயில் வளாகத்தில் உள்ளது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சார்ந்த தாமஸ் ஹாலண்ட் அக்கல்லறையின் கருங்கல்லை ஆராய்ந்தார். அது சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பகுதியின் கல் எனக் கண்டார். 1893ஆம் ஆண்டில் அவ்வகைப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். இன்று அண்டார்க்டிகாவில் அத்தகைய பாறை கிடைத்தாலும் உலகம் அதனை அப்பெயராலேயே வழங்குகின்றது. பல்லாவரத்துக் கல்லின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு.

இருப்புப் பாதையில் பல யுகங்கள்

நாக்பூரில் வாழும் நமக்கு இவ்வரலாற்றைக் கற்க நூலகம் தேட வேண்டுவதில்லை. ஊரின் நடுவே உள்ள சீதாபர்டி குன்று எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறை. நகரின் கிழக்கே செல்லச் செல்ல அப்பாறை மறைந்து, 100 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட நைஸ் வெளிப்படுகின்றது. வடக்கே கன்ஹான் ஆற்றங்கரையில் உள்ள காம்ப்டியில் ஆறுகள் படியவிட்ட மணற்கற்களைக் காணலாம். மூன்று வெவ்வேறு காலத்துப் பாறைகள் ஓர் ஊரைச் சூழ்ந்து அமைந்திருப்பது அரிய வாய்ப்பு.

விடுமுறைக்குச் சென்னை செல்லும்போது நாம் ஏறும் ரயிலும் நல்லாசிரியனே. நாக்பூரை விட்டு ஹிங்கன்காட் வரை இருபுறமும் கரிசல் நிலம், பருத்திச் செடி. பசால்ட் பாறை சிதைந்து விளைந்த மண் அது. (கோவில்பட்டிக் கரிசலும் நிறத்தால் இதனை ஒத்ததே, ஆயின் அதன் தாய்ப்பாறை வேறு.) வரோராவைக் கடந்ததும் காட்சி மாறுகின்றது. சந்திரபூர், பல்லார்ஷா, கோதாவரியைக் கடந்தபின் ராமகுண்டம் என நிலக்கரி நாடு தொடர்கின்றது. காசிப்பேட்டையை நெருங்கும்போது, யாரோ அடுக்கி வைத்தாற்போன்ற கிரானைட் உருண்டைகள் வயல்களின் நடுவே நிற்கும். அவையும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையின. பெஜவாடாவில் கிருஷ்ணைக் கரையில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் கோண்டலைட் பாறை வரவேற்கின்றது. ஒரிசா மலைகளில் வாழும் கோந்து என்னும் பழங்குடியின் பெயரால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழங்கிய பெயர் அது. அம்மக்களின் மொழியும் திராவிட மொழியே. இறுதியில் சென்னைக்குத் தெற்கே பரங்கிமலை. ஓரிரவுப் பயணத்தில் நாம் கடந்து செல்வது முந்நூறு கோடி ஆண்டின் பெரும்பகுதியை.

பனியும் இலையும் கரியும்

இப்பாறைகளுள் நடுவயதினவே உலகின் கருத்தை மாற்றின. 1856ஆம் ஆண்டில் ஒரிசாவின் தால்சேர் பகுதியை ஆராய்ந்த பிளான்ஃபோர்டு சகோதரர்கள், நுண்ணிய களிமண்ணுக்குள் பெரும் பாறைத் துண்டுகள் சிதறிக் கிடக்கக் கண்டனர். ஓடும் நீர் பெரியதையும் சிறியதையும் பிரித்தே இடும். இரண்டையும் கலந்து ஒருங்கே சுமந்து வந்து இடுவது பனிக்கட்டி. எனவே வெயிலுக்குப் பேர்போன இந்நாட்டில் ஒரு காலத்தில் பனிப்பாளம் படர்ந்திருந்தது எனத் துணிந்தனர். நம் சந்திரபூர்ப் பக்கம் பென்கங்கை ஆற்றங்கரையில், பனியாறு தன் அடியிற் சிக்கிய கற்களால் கீறிச் சென்ற கோடுகள் சுண்ணாம்புப் பாறையின்மேல் பின்னர்க் கண்டறியப்பட்டன. கோடையில் 45 பாகை சுடும் விதர்ப்ப நாட்டில் பனியாற்றின் சுவடு!

அப்பனிக்காலம் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. பனி உருகி விலகியபின் சதுப்பு நிலங்களில் காடுகள் செழித்தன. அவற்றுள் தலைமையானது குளோசாப்டெரிஸ் என்னும் மரம். நாவைப்போல நீண்ட இலையுடையதாதலின் கிரேக்கச் சொல்லால் அப்பெயர் பெற்றது. 1828ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பிராங்னியார், இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைத்த படிவங்களைக் கொண்டு அதற்குப் பெயரிட்டார். அக்காடுகள் மண்ணுள் புதைந்து அழுந்தி நிலக்கரியாயின. இந்திய நாட்டில் தோண்டப்படும் நிலக்கரியில் மிகப் பெரும்பகுதி அக்காலத்தது. நம் வீட்டு விளக்கு எரிவதும், ரயில் வண்டி முன்பு புகை கக்கி ஓடியதும் அந்நாவிலை மரங்களால்.

இதே இலை தென்னாப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் கிடைத்தது. 1912ஆம் ஆண்டில் தென் துருவத்தினின்று மீளும் வழியில் உயிர்நீத்த ஸ்காட் குழுவினரின் உடல்களுக்கருகே, அவர்கள் சோர்விலும் எறியாது இழுத்து வந்த 16 கிலோ பாறைத் துண்டுகள் கிடந்தன. அவற்றிலும் அவ்விலை இருந்தது. பெருங்கடல்களால் பிரிக்கப்பட்ட ஐந்து நிலங்களில் ஒரே மரம், ஒரே பனியின் சுவடு. இதற்கு விடை யாது? ஒரு காலத்தில் இந்நிலங்கள் ஒன்றாயிருந்தன என்பதே.

பெயர் தந்த மக்கள்

அவ்வொருங்கிணைந்த பெருநிலத்துக்கு உலக அறிஞர் வழங்கும் பெயர் கோண்டுவானா. 1872ஆம் ஆண்டளவில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் மெட்லிகாட், மத்திய இந்தியாவில் இப்பாறைகளைக் கண்ட நாட்டின் பெயரையே அவற்றுக்குச் சூட்டினார். 1885ஆம் ஆண்டில் ஆஸ்திரிய அறிஞர் எட்வர்டு சூயஸ் அதனைத் தெற்கு நிலப்பரப்பு முழுமைக்கும் உரிய பெயராக்கினார். கோண்டுவானா என்பது கோண்டு மக்களின் காட்டு நாடு. சாத்பூரா மலைச்சாரல் தொடங்கிச் சந்திரபூர், பஸ்தர் வரை பரந்து கிடந்த நாடு அது. நாம் வாழும் இந்நாக்பூரை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவியவனும் பக்த் புலந்த் என்னும் கோண்டு மன்னனே.

தமிழர் மனம் கொள்ள வேண்டிய செய்தி இனித்தான் வருகின்றது. கோண்டு மக்கள் பேசும் கோண்டி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கால்டுவெல் 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலிலேயே அதனை நம் மொழியின் உறவாகச் சேர்த்துள்ளார். அம்மக்கள் மூன்றை மூண்டு என்றும் நான்கை நாலுங் என்றும் எண்ணுவர். நம் கண்ணும் கையும் அங்கும் ஏறக்குறைய அவ்வொலியினவே. வட்டாரந்தோறும் சிறிது திரியும். ஆக, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா ஆகிய அனைத்தையும் ஒருங்கு சுட்டும் அறிவியற் பெயர், தமிழுக்கு உறவான ஒரு மொழியைப் பேசும் மக்களின் பெயராக அமைந்துள்ளது. இதற்கு எந்தக் கண்டத்தையும் கடலில் ஆழ்த்த வேண்டிய தேவை இல்லை.

இவ்விடத்தில் ஸ்டீபன் ஹிஸ்லாப் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியாரை நினைத்தல் தகும். இந்நகரில் அவர் பெயரால் விளங்கும் கல்லூரியை அறியாதார் இலர். அவர் சமயப் பணியோடு பாறையும் படிவமும் தேடினார். ராபர்ட் ஹண்டருடன் சேர்ந்து 1855ஆம் ஆண்டில் நாக்பூர்ப் பகுதியின் நிலவியலைப் பற்றி எழுதினார். அவரே கோண்டு மக்களின் சொற்களையும் பாடல்களையும் தொகுத்தவர். 1863ஆம் ஆண்டில் ஓர் ஓடையைக் கடக்கையில் வெள்ளத்தில் சிக்கி இறந்தார். தொகுத்தவை 1866ஆம் ஆண்டில் நூலாயின. நிலத்தையும் அந்நிலத்து மக்களையும் ஒருங்கே கற்ற அவர் வழி நமக்கும் ஏற்றது.

கண்டத்தின் பயணம்

நிலங்கள் ஒன்றாயிருந்தமை ஒப்பப்பட்டபின், அவை பிரிந்தது எவ்வாறு என்ற வினா எழுந்தது. இடையிலிருந்த நிலம் கடலுள் ஆழ்ந்தது என்றே 19ஆம் நூற்றாண்டினர் கருதினர். ஜெர்மானிய வானிலை அறிஞர் ஆல்ஃபிரெட் வெகனர் 1912ஆம் ஆண்டில் வேறு விடை கூறினார். ஆழ்ந்தது ஒன்றுமில்லை, கண்டங்களே நகர்ந்து பிரிந்தன என்றார். அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. 1930ஆம் ஆண்டில் கிரீன்லாந்துப் பனிவெளியில் அவர் இறக்கும்வரை அக்கொள்கை ஏற்கப்படாமலே இருந்தது. 1960களில் கடலடியை அளந்து ஆராய்ந்தபோதுதான் அவர் கூற்றின் உண்மை தெளிவாயிற்று. கடலின் நடுவே புதிய தரை தோன்றி இருபுறமும் விலகுகின்றது. அதனோடு கண்டங்களும் செல்கின்றன.

கோண்டுவானா ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் பிளக்கத் தொடங்கியது. நம் நிலம் அண்டார்க்டிகாவையும் ஆஸ்திரேலியாவையும் விட்டுப் பிரிந்தது. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரும் விலகியது. பின்னர்த் தனித் தீவாக வடக்கு நோக்கி, ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேலான வேகத்தில் விரைந்தது. வழியில், 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், தரை பிளந்து எரிமலைக் குழம்பு மீண்டும் மீண்டும் வழிந்து பரவியது. படிப்படியாக உறைந்த அவ்வடுக்குகளுக்குப் படிக்கட்டு என்னும் பொருளுடைய சுவீடியச் சொல்லால் டிராப் என்று பெயர். இன்றும் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை அது மூடியுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையில் அதன் கனம் 2,000 மீட்டருக்கும் மேல். கிழக்கே மெலிந்து வந்து, சீதாபர்டிக் குன்றருகே முடிகின்றது. அஜந்தாவும் எல்லோராவும் குடையப்பட்டது இக்கல்லில்தான். ஜபல்பூரில் 1828ஆம் ஆண்டில் ஸ்லீமன் கண்டெடுத்த பேருருவ விலங்கின் எலும்புகள், இக்குழம்புக்குக் கீழுள்ள அடுக்கைச் சார்ந்தவை.

ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் நிலம் ஆசியாவை முட்டியது. இடையிலிருந்த கடலின் அடித்தரை மடிந்து உயர்ந்து இமயமாயிற்று. அப்பயணம் நின்றுவிடவில்லை; ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் அளவில் இன்றும் தொடர்கின்றது. உறுதியான பழம் பாறை என்று நாம் நம்பியிருந்த தக்காணத்தில் 1967ஆம் ஆண்டு டிசம்பரில் கொய்னாவிலும், 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியிலும், 1997ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜபல்பூரிலும் நிலம் நடுங்கியது. கில்லாரி நடுக்கத்தில் மாண்டோர் ஏறத்தாழ 10,000 பேர். கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய கனத்த சுவர்களின் கீழ் உறங்கியிருந்தோர் அவர்கள். நிலத்தின் வரலாறு வீண் கல்வி அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

லெமூரியாவும் குமரியும்

இனி, கடல்கொண்ட கண்டத்தைப் பற்றிக் காண்போம். லெமூரியா என்னும் பெயர் தமிழ் நூல் எதிலும் தோன்றியதன்று. 1864ஆம் ஆண்டில் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார் வழங்கியது. மடகாஸ்கரில் லெமூர் என்னும் விலங்கு மிகுதி. அதன் உறவினங்கள் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் உள்ளன. நம் காடுகளின் தேவாங்கு அவற்றுள் ஒன்று. கடலால் பிரிந்த நாடுகளில் உறவு விலங்குகள் வாழ்வதற்குக் காரணமாக, இடையே ஒரு கண்டம் இருந்திருக்கலாம் என அவர் ஊகித்தார். அந்நாளில் அது தக்க ஊகமே. கண்டங்கள் நகர்வது தெரிந்தபின் அதன் தேவை அற்றுப்போயிற்று. 20ஆம் நூற்றாண்டில் அப்பெயர் தமிழகம் புகுந்து, நம் இலக்கியம் கூறும் குமரிநாட்டோடு ஒன்றாக வைத்து எண்ணப்பட்டது.

இந்தியப் பெருங்கடலின் தரை ஆழ்ந்த கண்டமன்று. பெரும்பாலும் கடலடியில் பிறந்த பசால்ட். 2013ஆம் ஆண்டில் மொரீஷியசின் மணலில் மிகப் பழைய கண்டப் பாறையின் படிகங்கள் கிடைத்தன. கண்டத்தின் சிறு துண்டு ஒன்று அங்கே புதைந்திருத்தல் கூடும் என்பர். ஆயின் அது பிரிந்து மறைந்தது மாந்தர் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர். காலக் கணக்கை ஒரு சிறிய அளவில் எண்ணிப் பார்ப்போம். ஹாசன் பாறையின் 330 கோடி ஆண்டை ஓர் ஆண்டாகச் சுருக்கின், ஒரு நாள் என்பது 90 லட்சம் ஆண்டு. நாவிலைக் காட்டுக்கு முந்திய பனிக்காலம் நவம்பர் இறுதியில் வரும். எரிமலைக் குழம்பு டிசம்பர் 24ஆம் நாள் வழியும். மாந்த இனம் ஆண்டின் கடைசி முக்கால் மணிநேரத்தில் தோன்றும். சங்கப் பாடல்கள் இறுதி 20 வினாடிக்குள் அடங்கும்.

அவ்வாறாயின் சிலப்பதிகாரமும் இறையனார் களவியல் உரையும் கூறும் கடல்கோள் வெறுங்கதையோ என்று கேட்கலாம். அப்படித் தள்ளிவிடுதலும் நேர்மையன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீர் பனியாக உறைந்திருந்தபோது, கடல்மட்டம் இன்றையதினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. இலங்கை தமிழகத்தோடு நிலத்தால் இணைந்திருந்தது. கடற்கரை எங்கும் அகன்றிருந்தது. பனி உருகக் கடல் ஏறியது; ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய அளவை நெருங்கியது. புயலாலும் பேரலையாலும் கரையூர்கள் அழிதலும் நாம் அறிந்ததே. 1964ஆம் ஆண்டின் தனுஷ்கோடியையும் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளையும் யார் மறப்பர்? கடலோர மக்களின் நினைவில் அத்தகைய இழப்புகள் தலைமுறை தலைமுறையாக நிலைத்து இலக்கியத்துள் புகுந்திருத்தல் இயலும். கரையோர நிலத்தின் இழப்பு வேறு; கண்டத்தின் இழப்பு வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் முன்னதன் உண்மையும் கேட்பாரற்றுப் போகும்.

மாந்தர் பழமைக்கும் பல்லாவரமே சான்று தருகின்றது. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்னும் நிலவியலார் அங்கே பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். பின்னர் அவரே கண்டறிந்த அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகளின் காலம் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகின்றது. அவற்றைச் செய்தோர் இன்றைய மாந்த இனத்துக்கும் முற்பட்டோர். அவர்களைத் தமிழர் என்றோ வேறு மொழியினர் என்றோ கூற இயலாது. நிலம் மிகப் பழையது. அதில் மாந்தர் வாழ்வும் பழையது. மொழியின் காலம் அவற்றோடு ஒப்பிடச் சிறியது. சிறியதாதலால் அதன் பெருமை குறைவதில்லை. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் எழுந்த பாடல்களை இன்றும் படித்துப் பொருள் உணரும் வாய்ப்பு எத்தனை மொழியினர்க்கு உண்டு?

நாம் செய்யத்தக்கது

கோண்டுவானா என்னும் பெயரை உலகம் முழுதும் பள்ளிச் சிறுவர் கற்கின்றனர். அப்பெயருக்குரிய மக்கள் தம்மைக் கோயித்தூர் என்று கூறிக்கொள்வர். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி கோண்டி பேசுவோர் 29 லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஆயினும் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுள் கோண்டிக்கு இடமில்லை. அம்மக்கள் பல மாநிலங்களாகப் பிரிந்து கிடத்தலின், பிள்ளைகள் ஓரிடத்தில் மராத்தியிலும் ஓரிடத்தில் இந்தியிலும் ஓரிடத்தில் தெலுங்கிலும் கற்கின்றனர். முன்னோர் காட்டின் கீழே கிடந்த நிலக்கரியும் அவர்தம் வாழ்வை வளமாக்கியதைவிட இடம்பெயர்த்ததே மிகுதி.

தாய்மொழிக்காக வாதாடியும் வருந்தியும் பழகிய நமக்கு இந்நிலை புரியாததன்று. சங்க நூலகத்தில் கோண்டி அகராதி ஒன்றையேனும் வாங்கி வைப்போம். ஆண்டு விழாவுக்குக் கோண்டி அறிந்த அறிஞர் ஒருவரை அழைத்து அவர் மொழியைக் கேட்போம். ஞாயிறு ஒன்றில் நம் பிள்ளைகளைச் சீதாபர்டிக்கும் காம்ப்டிக்கும் அழைத்துச் சென்று, இது குழம்பு உறைந்த கல், இது ஆறு படியவிட்ட கல் என்று தொட்டுக் காட்டுவோம். கடலுள் இல்லாத கண்டத்தைத் தேடுவதினும், பக்கத்துக் காட்டில் வாழும் மொழியுறவினரை அறிந்துகொள்ளுதல் எளிது. அது நம் கடமையும் ஆகும்.